ஒரு துகள் உப்பு அளவு உறைபனி போதும், விமானம் மேலே ஏறாது! - குட்டி விமானங்களின் குளிர்காலக் காலை

சாம்பாரில் உப்பு கூடினால் ஒருவேளை சாப்பாடுதான் கெடும். விமானத்தின் இறக்கையில் உப்புத்துகள் அளவுக்கு உறைபனி ஒட்டியிருந்தால்? உள்ளே இருப்பவர்களின் உயிரே போகலாம்.

இது மிகைப்படுத்தல் இல்லை. அமெரிக்காவில் விமான விபத்துகளை விசாரிக்கும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2004 டிசம்பரில் விமானிகளுக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. நாம் வீட்டில் பயன்படுத்தும் தூள் உப்பின் ஒரு துகள் அளவுள்ள உறைபனி, சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் இறக்கையின் மேற்பரப்பில் சிதறிக் கிடந்தாலே, விமானம் எழும்ப முடியாத அளவுக்கு அதன் தூக்குவிசை குறைந்துவிடலாம் என்பதுதான் அந்த எச்சரிக்கை.

உலகிலேயே அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட விமானம் செஸ்னா 172. நான்கு பேர் உட்காரலாம். அதன் இறக்கையின் பரப்பு சுமார் 16 சதுர மீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு துகள் என்றால் மொத்தம் 1,60,000 துகள்கள். கேட்க நிறையத் தோன்றும். ஆனால், அத்தனையையும் உப்பாகத் திரட்டி நிறுத்தால் சுமார் 2 டீஸ்பூன்தான் வரும். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள விமானத்தை 2 டீஸ்பூன் எப்படித் தடுக்கும்?

விடை எடையில் இல்லை, சொரசொரப்பில் இருக்கிறது.

காற்று ஏன் கோபித்துக்கொள்கிறது?

விமானத்தைத் தூக்கிப்பிடிப்பது இறக்கைமேல் வழுக்கிக்கொண்டு ஓடும் காற்று. இறக்கையின் வளைந்த மேற்பரப்பை ஒட்டி அந்தக் காற்று சீராக ஓடும்வரை தூக்குவிசை கிடைத்துக்கொண்டே இருக்கும். விமானி மூக்கை உயர்த்த உயர்த்தத் தூக்குவிசையும் கூடும். ஆனால், அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்தக் கோணத்தைத் தாண்டினால் காற்று இறக்கையைவிட்டுப் பிரிந்துவிடும். தூக்குவிசை சட்டென்று சரியும். விமானிகள் இதை 'ஸ்டால்' என்கிறார்கள். இன்ஜின் நிற்பதல்ல இது. இன்ஜின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்கை வேலைநிறுத்தம் செய்வது.

இறக்கையின் மேல் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு இருந்தால், காற்று வழுக்கி ஓட முடியாமல் தடுமாறும். எல்லைக் கோணத்துக்கு வெகு முன்பாகவே பிரிந்துவிடும். நடுத்தர உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பான உறைபனி, தூக்குவிசையை 30 சதவிகிதம்வரை குறைத்து, இழுவிசையை 40 சதவிகிதம்வரை கூட்டிவிடலாம் என்று அமெரிக்க, கனடா விமானத்துறைகள் விமானிகளுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கின்றன. அதாவது, வழக்கமான வேகத்தில் விமானம் பறக்காது. பறக்கத் தேவையான வேகத்தை எட்டவும் இழுவிசை விடாது.

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, எச்சரிக்கை மணி. ஸ்டால் நெருங்கினால் ஒலி எழுப்பும் கருவி பெரும்பாலான விமானங்களில் உண்டு. ஆனால், அது சுத்தமான இறக்கைக்காக அமைக்கப்பட்டது. உறைபனி படிந்த இறக்கை, மணி அடிப்பதற்கு முன்பே ஸ்டால் ஆகிவிடலாம்.

இரண்டாவது இன்னும் மோசம். தரைக்கு மிக அருகில், சுமார் ஓர் இறக்கை நீள உயரத்துக்குள் பறக்கும்போது விமானத்துக்கு இழுவிசை குறையும். அந்தச் சலுகையில் உறைபனி படிந்த விமானமும் ஓடுபாதையைவிட்டு எழும்பிவிடும். 'அதான் பறந்துவிட்டதே' என்று விமானி நினைப்பார். சில அடிகள் மேலே போனதும் சலுகை தீர்ந்துவிடும். ஓடுபாதையும் தீர்ந்திருக்கும்.

உறைபனி எப்படி வருகிறது?

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்குப் போனவர்களுக்கு இது தெரிந்த காட்சி. இரவு மழை இல்லை, வானத்தில் மேகம் இல்லை. காலையில் பார்த்தால் புல்வெளி வெள்ளையாக இருக்கும். வெளியே நிறுத்திய காரின் கூரையில் உப்பைத் தூவியதுபோல ஒரு படலம்.

மேகமில்லாத இரவில் தரையும் உலோகமும் தங்கள் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருக்கும். அதனால் சுற்றியுள்ள காற்றைவிட அவை கூடுதலாகக் குளிர்ந்துவிடும். வெப்பமானி 2 அல்லது 3 டிகிரி செல்சியஸ் காட்டும்போதே காரின் கூரை பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். காற்றில் உள்ள நீராவி, தண்ணீராக மாறாமலேயே நேரடியாகப் பனித்துகளாக அதன்மேல் படியும்.

விமானத்தின் இறக்கை இதற்கென்றே செய்ததுபோன்ற பரப்பு. மெல்லிய அலுமினியத் தகடு, வானத்தைப் பார்த்தபடி விரிந்து கிடக்கிறது. அதற்குள் எரிபொருள் தொட்டி வேறு. உயரத்தில் பறந்துவிட்டு இறங்கிய விமானத்தின் எரிபொருள் கடுங்குளிரில் இருக்கும். அது இறக்கைத் தகட்டையும் குளிரவைக்கும். அப்போது லேசான தூறல் விழுந்தால் கண்ணாடி போன்ற பனிக்கட்டி படியும். பார்த்தால் ஈரமாக இருப்பதுபோல்தான் தெரியும். தொட்டால்தான் ஐஸ் என்பது புரியும்.

பெரிய விமானத்துக்கு லாரி, சின்ன விமானத்துக்குத் துடைப்பம்

குளிர்காலத்தில் டொரன்டோ, லண்டன், பிராங்பர்ட் விமான நிலையங்களில் ஏறியவர்கள் பார்த்திருப்பார்கள். புறப்படும் முன் விமானத்தின் பக்கத்தில் நீண்ட கை வைத்த லாரி வந்து நிற்கும். கூண்டில் நின்றபடி ஊழியர் ஒருவர் ஆரஞ்சு நிறத் திரவத்தைப் பீய்ச்சுவார். பிறகு பச்சை நிறத்தில் இன்னொரு திரவம். இந்த வேலைக்குத்தான் 'டி-ஐஸிங்' என்று பெயர். டொரன்டோ பியர்சன் விமான நிலையத்தில் இதற்கென்றே தனி வளாகம் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய டி-ஐஸிங் வளாகங்களில் அதுவும் ஒன்று.

நான்கு, ஆறு, பத்துப் பேர் போகும் குட்டி விமானங்களின் கதை வேறு. அலாஸ்காவிலும் வட கனடாவிலும் பல ஊர்களுக்குச் சாலையே கிடையாது. மளிகை, மருந்து, தபால், நோயாளி, பள்ளிக்கூட அணி என எல்லாமே குட்டி விமானத்தில்தான் போய் வரவேண்டும். அங்கே பல ஓடுபாதைகள் வெறும் சரளை மண். லாரியும் கிடையாது, கூண்டும் கிடையாது. விமானம் இரவு முழுக்கத் திறந்தவெளியில் கயிற்றால் கட்டிப்போடப்பட்டிருக்கும். காலையில் வந்து பனியை அகற்றுபவரும், இறக்கை சுத்தமாகிவிட்டதா என்று முடிவு செய்பவரும், பிறகு ஓட்டுபவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

அவரிடம் என்னென்ன இருக்கும்?

ஹேங்கர்: விமானத்தை இரவில் கொட்டகைக்குள் நிறுத்துவதைவிடச் சிறந்த வழி இல்லை. உறைபனி படியவே படியாது. ஆனால், வாடகை அதிகம், இடமும் கிடைக்காது. இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கதகதப்பான விமானத்தைக் கொட்டும் பனியில் வெளியே இழுத்தால், விழும் பனி இறக்கையில் உருகி, பிறகு தகடு குளிர்ந்ததும் ஐஸாக இறுகிவிடும். இறக்கை நன்றாகக் குளிர்ந்தபிறகு வெளியே கொண்டுவந்தால் பனி ஒட்டாமல் பறந்துவிடும்.

இறக்கை உறை: காருக்குப் போர்வை போடுவதுபோல இறக்கைக்கும் வாலுக்கும் துணி உறைகள் உண்டு. முந்தின நாள் மாலை 10 நிமிடம் செலவழித்துப் போர்த்தினால், காலையில் ஒரு மணி நேரம் மிச்சம். போர்த்தும்போது இறக்கை ஈரமாக இருந்தால் மட்டும் உறையே இறக்கையோடு ஒட்டி உறைந்துவிடும்.

துடைப்பம்: புதிதாக விழுந்த பொடிப்பனிக்கு மென்மையான நீளத் துடைப்பம் போதும். தள்ளும் திசைதான் முக்கியம். இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பாகங்கள் இருக்கின்றன. பனியை அந்தக் கீல் இடுக்குக்குள் தள்ளிவிட்டால், அது உள்ளே உருகி மறுபடி உறைந்து, நடுவானில் விமானத்தைத் திருப்ப முடியாமல் செய்துவிடும்.

கயிறு: இது பழைய உத்தி, இன்றும் பயன்படுகிறது. இறக்கையின் குறுக்கே கயிற்றைப் போட்டு, இரண்டு பேர் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு மாற்றி மாற்றி இழுப்பார்கள். மத்தில் கயிறு சுற்றித் தயிர் கடைவதுபோல. உறைபனி பொடிப்பொடியாக உதிரும்.

மருந்துத் தெளிப்பான்: தோட்டத்துச் செடிகளுக்கு மருந்து அடிக்கும் பம்ப் தெளிப்பானில் கிளைகால் கலந்த திரவத்தை ஊற்றி அடிப்பது. சிலர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் சேர்ப்பார்கள். கொரோனா காலத்தில் நாம் கையில் தேய்த்துக்கொண்ட சானிடைசரில் இருந்த அதே பொருள். சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் சூடான இன்ஜின் பக்கம் அடிக்கக்கூடாது. குட்டி விமானங்களின் முன்கண்ணாடி உண்மையில் கண்ணாடியே இல்லை, அக்ரிலிக். ஆல்கஹாலும் கார் கண்ணாடிக்கு அடிக்கும் ஸ்பிரேயும் அதில் மெல்லிய விரிசல்களை உண்டாக்கிவிடும்.

சூரியன்: செலவே இல்லாத வழி. விமானத்தை வெயில் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டுக் காத்திருப்பது. ஆனால், டிசம்பர் மூன்றாவது வாரத்தில் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் சூரியன் உதிக்கவே காலை 10 மணி தாண்டிவிடும், பிற்பகல் 4 மணிக்குள் மறைந்துவிடும். ஒரு பக்க இறக்கை வெயிலிலும் இன்னொன்று நிழலிலும் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஒரு பக்கம் நன்றாகத் தூக்கும், மறுபக்கம் தூக்காது. விமானம் எழும்பியதும் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

செய்யவே கூடாதவையும் உண்டு. உலோகத் தகட்டால் சுரண்டக்கூடாது. ஐஸைத் தட்டி உடைக்கக்கூடாது, தகடு நசுங்கும். வெந்நீரை ஊற்றிவிட்டு அப்படியே விடக்கூடாது. ஊற்றிய தண்ணீர் இடுக்குகளில் இறங்கி, சில நிமிடங்களில் முன்பிருந்ததைவிடக் கெட்டியான ஐஸாகும்.

பச்சை திரவத்தை ஏன் கடன் வாங்க முடியாது?

பக்கத்தில் பெரிய விமான நிலையம் இருந்தால், அந்தப் பச்சை திரவத்தையே குட்டி விமானத்துக்கும் அடித்துவிடலாமே?

முடியாது. காரணம் வேகம்.

ஆரஞ்சு நிறத் திரவம் 'டைப் 1'. தண்ணீரைப் போல இருக்கும். சூடாக்கிப் பீய்ச்சினால் இருக்கும் ஐஸை உருக்கிக்கொண்டு வழிந்துவிடும். பச்சை நிறம் 'டைப் 4'. கூழ் போலக் கெட்டியானது. இறக்கையில் ஒட்டிக்கொண்டு, விழும் பனியைக் கொஞ்ச நேரம் தன்மேல் வாங்கிக்கொள்ளும். விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது காற்று அந்தக் கூழை வழித்து எடுத்துவிடும். அதற்குச் சுமார் 100 நாட், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டர் வேகம் வேண்டும். செஸ்னா 172 ஏறத்தாழ 55 நாட்டில், மணிக்கு 100 கிலோமீட்டரிலேயே தரையைவிட்டுக் கிளம்பிவிடும். கூழ் வழியாமல் இறக்கையிலேயே தங்கும். உறைபனிக்குப் பதில் கூழால் சொரசொரப்பு. வேகம் குறைந்த விமானங்களுக்காகவே 'டைப் 3' என்ற மஞ்சள் திரவம் வந்தது.

எந்தத் திரவத்துக்கும் காலக்கெடு உண்டு. பனி விழும் வேகம், குளிர் இரண்டையும் பொறுத்து அட்டவணை வைத்திருக்கிறார்கள். அடித்த பிறகு அந்த நேரத்துக்குள் கிளம்பாவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். விமானத்துக்குள்ளிருந்து பார்க்கும் நமக்கு, 'இப்போதுதானே அடித்தார்கள், மறுபடியுமா?' என்று எரிச்சல் வருவது இதனால்தான்.

சில குட்டி விமானங்களில் இறக்கையின் முன்விளிம்பில் ஊதிச் சுருங்கும் ரப்பர் பட்டை இருக்கும். சிலவற்றில் நுண்துளைகள் வழியே கிளைகால் கசியும். இவை பறக்கும்போது முன்விளிம்பில் படியும் ஐஸுக்கானவை. இரவெல்லாம் இறக்கையின் மேல் முழுக்கப் படிந்த உறைபனியை இவற்றால் எடுக்க முடியாது.

உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம்

2001 அக்டோபர் 10. அலாஸ்காவின் தில்லிங்ஹாம் ஊரிலிருந்து கிங் சால்மன் என்ற ஊருக்கு ஒரு செஸ்னா கேரவன் கிளம்பியது. ஒற்றை இன்ஜின் விமானம், ஒரு விமானி, 9 பயணிகள். புறப்பட்ட சிறிது நேரத்திலேயே கீழே விழுந்தது. 10 பேரும் இறந்தார்கள். இறக்கையின் மேற்பரப்பில் இருந்த பனிக்கட்டியைப் புறப்படும் முன் விமானி கண்டுபிடிக்கவில்லை என்று விசாரணை சொன்னது. அதோடு நிற்கவில்லை. அந்த ரக விமானத்தில் இறக்கையின் மேற்பரப்பை நெருங்கிச் சென்று பார்க்க வேண்டும் என்ற விதியே இல்லாததும் விபத்துக்குத் துணைபோனது என்று எழுதியது.

அந்த விமானத்தை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் புரியும். கேரவனின் இறக்கை விமானத்தின் கூரைக்கு மேலே இருக்கிறது. தரையில் நிற்கும் ஆளுக்கு அதன் அடிப்பாகம்தான் தெரியும். உயிரைக் காப்பாற்றும் மேல்பாகத்தைப் பார்க்க ஏணி வேண்டும். 2005-ல் அமெரிக்க விமானத்துறை கேரவன் விமானங்களுக்குப் புதிய உத்தரவு போட்டது. குளிர்காலத்தில் இறக்கையைக் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தொட்டும் பார்க்க வேண்டும்.

2002 ஜனவரி 4. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். இரவு முழுக்க வெளியே நின்ற ஒரு சிறிய ஜெட், இறக்கையில் உறைபனியோடு கிளம்பியது. அன்று காலை அங்கே மற்ற விமானங்களுக்கு டி-ஐஸிங் நடந்திருந்தது. இதற்கு நடக்கவில்லை. எழும்பியதும் ஒருபக்கம் சாய்ந்து விழுந்தது. 5 பேர் பலி.

2004 ஜனவரி 17. கனடாவின் பீலி தீவு. இன்னொரு கேரவன், இறக்கையில் ஐஸ், போதாததற்கு அனுமதித்ததைவிட அதிகச் சுமை. ஈரி ஏரியில் விழுந்து 10 பேர் இறந்தார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 28. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள மான்ட்ரோஸ். ஆறு பேருடன் கிளம்பிய தனியார் ஜெட். இறக்கையில் பனிக்கட்டி இல்லை என்பதை விமானிகள் உறுதிசெய்யவில்லை. 14 வயதுச் சிறுவன் உட்பட 3 பேர் பலி. உப்புத்துகள் எச்சரிக்கை வந்தது அடுத்த மாதம்.

இந்த நான்கில் எதிலும் விமானிகள் பயிற்சி இல்லாதவர்கள் அல்லர். பல குளிர்காலங்களில் 'கொஞ்சம்தானே' என்று கிளம்பியவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துமிருக்கிறார்கள். அந்த அனுபவம்தான் ஆபத்து. சுமை குறைவாக, ஓடுபாதை நீளமாக, எதிர்க்காற்று சாதகமாக இருந்த நாளில் தப்பித்ததை, 'இந்த அளவு பனி தாங்கும்' என்று மனம் எழுதி வைத்துக்கொள்கிறது.

விதிகளே ஒரு காலத்தில் அந்த 'கொஞ்சத்துக்கு' இடம் கொடுத்தன. உறைபனியை முழுக்க எடுக்காமல், தேய்த்து வழவழப்பாக்கிவிட்டால் போதும் என்று அமெரிக்காவில் வாடகை விமானச் சேவைகள் உள்ளிட்ட சில பிரிவுகளுக்கு அனுமதி இருந்தது. எவ்வளவு வழவழப்பு என்று அளக்க எந்தக் கருவியும் இல்லை. விமானியின் கண்தான் கருவி. 2010 ஜனவரி 30 முதல் அந்த அனுமதி நீக்கப்பட்டது. இன்று உலகெங்கும் சொல்லிக்கொடுப்பது ஒன்றே: இறக்கை சுத்தம், அல்லது சுத்தமில்லை. நடுவில் எதுவும் இல்லை.

எட்டாத வால்

2019 நவம்பர் 30. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் சேம்பர்லைன் என்ற சிற்றூர். ஒரு குடும்பம் வேட்டைக்கு வந்துவிட்டு வீடு திரும்பத் தயாரானது. திறந்தவெளியில் நின்ற பிலாட்டஸ் விமானத்தின்மேல் பனி. விமானியும் பயணி ஒருவரும் மணிக்கணக்கில் நின்று அதை அகற்றினார்கள். இறக்கைகள் முடிந்தன. ஆனால், அந்த விமானத்தின் வால் 'T' வடிவம். அதன் உச்சி 4 மீட்டருக்கும் மேல். அவர்களிடம் இருந்த ஏணி அதுவரை எட்டவில்லை. விமானம் கிளம்பியது. சற்று நேரத்தில் விழுந்தது. 12 பேரில் 9 பேர் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கை இந்த விபத்துக்கு வாலில் இருந்த பனியைக் காரணமாக நிறுத்தவில்லை. விமானி கட்டுப்பாட்டை இழந்தது, தவறான சுமை ஏற்றம், மோசமான வானிலையில் கிளம்பிய முடிவு என்று வேறு காரணங்களைச் சொன்னது. ஆனாலும், அந்த எட்டாத ஏணி குளிர்காலத்தில் பறக்கும் எல்லாருக்கும் ஒரு கேள்வியை வைக்கிறது. கை எட்டாத இடத்தை என்ன செய்வது?

எட்டாத இடங்கள், மறக்கும் இடங்கள் நிறைய. வேகத்தை அளக்கும் சிறு குழாயின் துளை அடைத்துக்கொண்டால் வேகமானி பொய் சொல்லும். எரிபொருள் தொட்டிக்குக் காற்று போகும் துவாரம் அடைத்தால் பறக்கும்போது இன்ஜின் அணையலாம். முதல் நாள் சேற்றுப்பனியில் ஓடிய சக்கரத்தின் பிரேக் இரவில் உறைந்து இறுகியிருக்கும். வாலின் அசையும் பகுதியில் பனி தங்கினால் அதன் எடைச் சமநிலை மாறி, வேகத்தில் படபடவென்று அடித்துக்கொள்ளும். இவை ஒவ்வொன்றையும் அந்த ஒற்றை ஆள், கடுங்குளிரில், சுற்றிவந்து பார்க்க வேண்டும்.

கையுறையைக் கழற்றினால்தான் தெரியும்

கடைசிச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. விமானி ஏணியில் ஏறி, கையுறையைக் கழற்றி, வெறும் விரல்களால் இறக்கையைத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணாடி போன்ற ஐஸ் கண்ணுக்குத் தெரியாது. தடித்த கையுறைக்கும் தெரியாது. மைனஸ் 20 டிகிரியில் உலோகத்தை வெறும் கையால் தொடுவது வலிக்கும் வேலை. அதனால்தான் அதைத் தவிர்க்க மனம் ஆயிரம் காரணம் தேடும்.

அந்த நேரத்தில் பின்னால் நிற்பவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். குளிரில் நடுங்கும் பயணிகள். 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்ற கேள்வி. அந்த ஊரில் மருந்துக்குக் காத்திருக்கும் யாரோ. நான்கு மணிக்குள் இருட்டிவிடும் என்ற பதற்றம். இந்த அவசரம் எல்லாம் சேர்ந்து விமானியின் காதில் சொல்வது ஒன்றுதான்: 'கொஞ்சம்தானே, ஓடும்போது உதிர்ந்துவிடும்.' ஒட்டிப் படிந்த உறைபனி ஓடும்போது உதிர்வதில்லை.

பயணி வாயைத் திறக்கலாமா?

திறக்க வேண்டும். இதற்குச் சாட்சி கனடாவின் டிரைடன் விபத்து. 1989 மார்ச் 10 அன்று 69 பேருடன் கிளம்பிய அந்த ஜெட் சற்றுப் பெரியது. கிளம்பும் முன் பனி கொட்டிக்கொண்டிருந்தது. இறக்கைமேல் பனி படிந்திருந்ததை விமானப் பணிப்பெண் பார்த்தார். பயணிகளாக உட்கார்ந்திருந்த விமானிகளும் பார்த்தார்கள். 'விமானி அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாதா என்ன?' என்ற தயக்கத்தில் செய்தி முன்னால் போகவில்லை. விமானம் மரங்களில் மோதி விழுந்தது. 24 பேர் இறந்தார்கள். நீதிபதி விர்ஜில் மொஷான்ஸ்கி தலைமையில் நடந்த விசாரணை 191 பரிந்துரைகளைத் தந்தது. கனடாவின் குளிர்கால விமான விதிகளை அதுதான் மாற்றியது.

குளிர்நாடுகளில் படிக்கும், வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். உள்ளூரில் குட்டி விமானத்தில் சுற்றிப்பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கலாம். அப்போது நினைவில் வைக்க வேண்டியவை மூன்றே மூன்று.

* கிளம்பும் முன் இறக்கையில் வெள்ளைப் படலமோ பனியோ தெரிந்தால் உடனே பணியாளரிடம் சொல்லுங்கள். 'அவர்களுக்குத் தெரிந்திருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள்.

* டி-ஐஸிங்குக்காக நேரமானால், இரண்டாவது முறை செய்தால், கோபப்படாதீர்கள். அடுத்த விமானத்தைத் தவறவிட்டால் இன்னொன்று கிடைக்கும்.

* குட்டி விமானத்தின் விமானி, 'இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போகலாம்' என்று சொன்னால், அவரை அவசரப்படுத்தாதீர்கள். ஒரு கப் காபி வாங்கிக் கொடுங்கள். வெறும் கையால் இறக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவராக இருப்பார், விரல்கள் மரத்திருக்கும்.